அணைத்தாலும் அணையாத பெட்டி

"எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது. ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது." நம் வயதுக்காரர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைக்காரரைக் கூப்பிட்டு இருநூறு முந்நூறு கொடுத்தவர்களும் உண்டு. ரிப்பேர் ஒன்றுமில்லை. ஓர் உத்தரவுப்படிதான் அது நடக்கிறது. அரசு ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு நிலையாணை என்றால் தெரியும். வருவாய்த் துறையில் 'போர்டு ஸ்டாண்டிங் ஆர்டர்' என்று தடித்த புத்தகமாகவே வைத்திருப்பார்கள். யாரும் ஒவ்வொரு நாளும் புதிதாக உத்தரவு போட வேண்டியதில்லை. வேறு உத்தரவு வரும்வரை அதுதான் சட்டம். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு நிலையாணை உட்கார்ந்திருக்கிறது. அதை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள், நம் தாமிரபரணிக் கரைக்கு அது வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் ஊர் ஸ்விட்சிலிருந்து தொடங்குகிறேன். சென்னை மாகாணத்தில் பெரிய நீர்மின் நிலையங்கள் மூன்று அடுத்தடுத்து வந்தன. 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் நம் பாபநாசம். அதற்கும் முன்பே, 1880-களில், ஹார்வி கம்பெனியார் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையைக் கொண்டே விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை ஓட்டினார்கள். ஆற்றுத் தண்ணீரே நமக்குக் கரண்டாக வந்தது. 1957 ஜூலை முதல் தேதி மின்சார வாரியம் ஏற்பட்ட பிறகு கம்பி மெல்ல மெல்லக் கிராமங்களுக்குள் நுழைந்தது. வீட்டில் கறுப்பு நிறத்தில் உருண்டையாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும். நடுவில் மூன்றாவது நிலை என்று ஒன்று கிடையாது. விளக்கு, விசிறி, ரேடியோ, பம்புசெட் மோட்டார் எல்லாவற்றுக்கும் இதுதான் நியாயம். அணைத்தால் அணைந்ததுதான்.

ஆபீஸ்களுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களும் அப்படித்தான் இருந்தன. பெட்டியின் பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ கனமான ஒரு ஸ்விட்ச். அழுத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்படும். விண்டோஸ் 95 பயன்படுத்தியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வேலையை முடித்து மூடச் சொன்னால், கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில், 'இனி உங்கள் கம்ப்யூட்டரை அணைப்பது பாதுகாப்பானது' என்று ஆங்கிலத்தில் வரும். அதாவது, நான் என் பக்கத்து வேலையை முடித்துவிட்டேன், ஸ்விட்சை நீங்கள் தட்டுங்கள் என்று பொருள். கடைசி வேலை மனிதன் கையில் இருந்தது. மெஷினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள முடியாது.

அது மாறியது 1995-இல். இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்று பெட்டிக்கும் பவர் சப்ளைக்கும் புதிய அமைப்பு முறை ஒன்றை வெளியிட்டது. இதில் முன்பக்கத்துப் பட்டன் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. உள்ளே இருக்கும் தாய்ப்பலகைக்கு, அதாவது மதர்போர்டுக்கு, ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறது. ஆபீஸ் பாஷையில் சொல்வதானால், பழைய ஸ்விட்ச் உத்தரவு; புதிய பட்டன் விண்ணப்பம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து என்ன செய்வது என்று முடிவெடுக்க உள்ளே யாராவது விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஐந்து வோல்ட் மின்சாரம் ஒரு தனிக் கம்பி வழியாக எப்போதும் வந்துகொண்டே இருக்கும். சுவரில் உள்ள பிளக் ஸ்விட்சை அணைத்தால் ஒழிய அது நிற்காது. பெட்டியை 'அணைத்த' பிறகும் உள்ளே பச்சையாகச் சின்ன விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான்.

இப்படிச் செய்யத் தூண்டியது எது என்று பார்த்தால், சிக்கனம் முக்கியமான காரணம். 1992-இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'எனர்ஜி ஸ்டார்' என்றொரு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. முதன்முதலில் அந்த முத்திரைக்கு எடுத்துக்கொண்ட பொருள்கள் பிரிட்ஜோ ஏ.சி.யோ அல்ல, கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். ஆபீசில் ஆள் இல்லாதபோதும் அவை இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பழைய குழாய் மானிட்டர் ஒன்றே அறுபது எழுபது வாட் இழுக்கும். ஆள் இல்லாவிட்டால் தானாக அடங்கி முப்பது வாட்டுக்குள் வர வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இன்று பார்த்தால் முப்பது வாட் என்பது பெரிய சிக்கனமாகத் தோன்றாது. அன்று அது பாதிக்கும் மேல் மிச்சம்.

முத்திரை என்பது கட்டாயம் அல்ல, விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிகள் ஏன் விரும்பின என்றால், அதற்குப் பின்னால் ஓர் அரசாணை இருந்தது. 1993 ஏப்ரலில் ஜனாதிபதி கிளின்டன் 12845 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் இனி வாங்கும் கம்ப்யூட்டர்கள் எனர்ஜி ஸ்டார் முத்திரை உள்ளவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகிலேயே அதிகமாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வாடிக்கையாளர் அந்த அரசுதான். அவ்வளவு பெரிய கொள்முதலை யார் விடுவார்கள்? ஸ்டோர்ஸ் பிரிவில் டெண்டர் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனையை டெண்டரில் சேர்த்துவிட்டால் சந்தை முழுவதும் அதற்கேற்பத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய சந்தையிலிருந்துதான் நமக்கும் பெட்டிகள் வந்தன.

உத்தரவு வந்தால் போதுமா, அதை நிறைவேற்ற ஏற்பாடு வேண்டாமா? அதே 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஏ.பி.எம். என்ற முறையை வெளியிட்டிருந்தன. அதில் எப்போது தூங்குவது என்பதைத் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சின்ன நிரலே முடிவு செய்தது. நாம் ஏதோ வேலையில் இருக்கிறோமா இல்லையா என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. எனவே 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற புதிய முறையைக் கொண்டுவந்தன. முடிவெடுக்கும் அதிகாரம் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் கைக்குப் போனது.

அந்த முறையில் தூக்கத்துக்குப் படிகள் வகுத்தார்கள். முழு விழிப்பு எஸ்-0. எஸ்-1 கோழித் தூக்கம். எஸ்-3 என்பது நாம் 'ஸ்லீப்' என்று சொல்வது. ராம் என்கிற தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். எஸ்-4 என்பது 'ஹைபர்னேட்'. நினைவகத்தில் உள்ளதையெல்லாம் ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் அணைந்துகொள்ளும். எஸ்-5 என்பது நாம் 'ஷட் டவுன்' செய்த நிலை. அதிலும் அந்த ஐந்து வோல்ட் கம்பி உயிரோடு இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்மையான அணைப்பு. அதற்குத் தனியாக ஜி-3 என்று பெயர் வைத்தார்கள். எங்கள் காலத்து உருண்டை ஸ்விட்சின் ஒரே ஒரு 'ஆஃப்', இப்படிப் பல படிகளாகப் பிரிந்துபோயிற்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் இந்த நிலையை 'ஸ்லீப்', தூக்கம் என்கிறார்கள். பிரெஞ்சுக் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் 'மீஸ் ஆன் வேய்' என்று இருக்கும். 'வேய்' என்றால் தூக்கம் அல்ல, அதற்கு நேர் எதிர். விழித்திருத்தல், காவல் இருத்தல் என்று பொருள். திருவிழாவுக்கு முந்தின இரவுக்கும் அதே சொல்தான். குழந்தை தூங்கும் அறையில் வைக்கும் சின்ன இரவு விளக்குக்கும் அதிலிருந்து பிறந்த பெயர்தான். ஹைபர்னேட் செய்வதை 'நீண்ட காவல்' என்ற பொருளில் சொல்வார்கள். ஒரே நிலையை ஒருவர் தூக்கம் என்கிறார், இன்னொருவர் விழிப்பு என்கிறார்!

இரண்டில் எது சரி என்று கேட்டால், பிரெஞ்சுக்காரர் பக்கம்தான் நியாயம் என்பேன். சீவலப்பேரியில் ஆற்றிலிருந்து கோவில்பட்டி வரை குடிநீர் போகிறது. மோட்டார் ஓடாத நேரத்திலும் பம்ப் ஹவுசில் காவலாள் இருப்பார். கட்டில் போட்டுச் சாய்ந்திருந்தாலும் போன் வந்தால் எழுந்து பட்டனைத் தட்டுவார். மோட்டாரைப் பார்த்தால் தூக்கம், காவலாளைப் பார்த்தால் விழிப்பு. கம்ப்யூட்டரின் ஸ்லீப் இதுதான். கீபோர்டைத் தொட்டால் எழுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு பகுதி விழித்தே இருக்கிறது. நம் தமிழில் இதற்கு வெகு காலமாகவே பொருத்தமான சொல் இருக்கிறது. அறிதுயில். நெல்லையப்பர் கோயிலில் மூலவருக்குப் பக்கத்திலேயே பள்ளிகொண்டிருக்கும் நெல்லை கோவிந்தரைச் சேவித்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. கண் மூடியிருந்தாலும் எல்லாம் அறிந்துகொண்டிருக்கும் துயில்.

அறிதுயிலுக்கு ஒரு விலை உண்டு. காவலாளுக்குச் சம்பளம் போல, மெஷினுக்குக் கரண்ட். அது கொஞ்சம்தான், இரண்டு மூன்று வாட். ஆனால் அந்தக் கொஞ்சம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. ஏன் என்பதை ராம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும். அதில் ஒவ்வொரு எழுத்தும் மிக மிகச் சிறிய மின் கலங்களில் நிற்கிறது. அவையெல்லாம் ஓட்டைக் குடங்கள். ஊற்றிய நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, அதாவது ஒரு நொடிக்குள் பதினைந்து தடவை, எல்லாக் குடங்களையும் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். ஸ்லீப் நிலையிலும் இந்த நிரப்பும் வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்கும். கரண்ட் நின்றால் குடங்கள் வறண்டுவிடும். அதில் வைத்திருந்ததும் போய்விடும். ஹைபர்னேட் செய்வது என்பது குடத்துத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றி வைப்பது போல. ஹார்டு டிஸ்கில் எழுதியது கரண்ட் போனாலும் நிற்கும். எழுப்பும்போது மறுபடி மொண்டு நிரப்பிக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. சுவரில் கரண்ட் போனாலும் குடம் நிரப்பும் வேலை நிற்காது. டெஸ்க்டாப்புக்குப் பேட்டரி கிடையாது. சுவரில் கரண்ட் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது தூங்குகிறது. நம்பிக்கை வைத்தவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். அங்கே கரண்ட் போவது என்றால் புயலோ பெருவிபத்தோ நடந்திருக்க வேண்டும்.

இப்போது வரலாற்றின் இரண்டு நூல்கள் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு வருகிறோம். 2007 ஜூலையில் எனர்ஜி ஸ்டார் நிபந்தனைகளின் நான்காம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. ஆள் தொடாமல் பதினைந்து நிமிடம் ஆனால் மானிட்டர் அணைய வேண்டும், முப்பது நிமிடம் ஆனால் கம்ப்யூட்டரே தூங்க வேண்டும், இந்த ஏற்பாட்டைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்ப வேண்டும் என்று அது சொன்னது. அதற்கு முன் விண்டோஸ் எக்ஸ்.பி. மெஷின்கள் நாமாக ஏற்பாடு செய்தால்தான் தூங்கும். இல்லையென்றால் மானிட்டர் மட்டும் அணையும். 2007 தொடக்கத்தில் கடைக்கு வந்த விஸ்டா முதல், தானாகத் தூங்குவதே தொடக்க ஏற்பாடு ஆயிற்று. கேட்காமலே நடக்கும் நிலையாணை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2008-இல், தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம் தொடங்கியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று வளர்ந்து, 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம்கூட இருளில் இருந்தோம். அதிலும் ஐப்பசி கார்த்திகையில் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இராது. காரணங்கள் எல்லாரும் அறிந்தவை. தேவை வளர்ந்த வேகத்தில் புதிய மின் நிலையங்கள் வளரவில்லை. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-லேயே வந்துவிட்டது. ஐந்து அலகும் சேர்ந்து 1,050 மெகாவாட். கூடங்குளம் முதல் உலை 2013 அக்டோபரில்தான் கட்டமைப்போடு இணைந்தது. காற்றாலைகள் கயத்தாறிலும் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலும் வரிசையாக நின்றாலும், ஆடிக் காற்று ஓய்ந்துவிட்டால் அவையும் ஓய்ந்துவிடும். நாட்டிலேயே முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணை வைத்த இடங்களில் தூத்துக்குடி முள்ளக்காடும் ஒன்று என்ற பெருமை நமக்கு உண்டு, அது 1986-இல். பெருமை இருந்து என்ன, புரட்டாசிக்குப் பிறகு காற்று இல்லை.

ஆக, கரண்ட் நிற்காத தேசத்தில் எழுதிய நிலையாணை, கரண்ட் நிற்காத நாளே இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதன் பொருள், 'யாரும் இல்லாதபோது மின்சாரத்தை வீணாக்காதே.' இங்கே மதியம் சாப்பிட எழுந்து போனவருக்கு அதன் விளைவு, 'நீ எழுதிக்கொண்டிருந்ததை ஓட்டைக் குடத்தில் வைத்துவிட்டுக் காத்திரு.'

அந்தக் காலத்தில் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தைக் கரையோர மக்கள் கண்டபடி எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒவ்வொரு தெருவாகப் போய்க் கேட்டு, யார் வீட்டுச் சுவர் விழுந்தது, எந்தப் படித்துறை வரை தண்ணீர் ஏறியது, மாடுகளை எங்கே ஏற்றிக் கட்டினார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். பிறகு வீட்டில் இருந்த பழைய எக்ஸ்.பி. மெஷினில் ஒரு விரலால் தட்டுவார். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று வீட்டில் யாரோ அரை மணி நேரத்தில் தூங்கும்படி வைத்திருந்தார்கள். எக்ஸ்.பி.யின் ஸ்டாண்ட்பையில் நினைவகம் மட்டும்தான். டிஸ்கில் நகல் இராது. ஒரு நாள் காலை முழுதும் உட்கார்ந்து தட்டிவிட்டு, சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்து எழுந்து வந்தார். அதற்குள் மெஷினும் தூங்கி, கரண்டும் போய், வந்திருந்தது. பட்டனைத் தட்டினார். மெஷின் முதலிலிருந்து தொடங்கியது. அன்று எழுதிய பக்கங்கள் இல்லை. நோட்டில் குறித்திருந்தவை பெயர்களும் தேதிகளும்தான். ஜனங்கள் சொன்ன சொல் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

"ரெண்டாம் மட்டமும் வெள்ளம் வந்து கொண்டு போயிட்டு, அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னார். மறுபடி எழுதுவேன் என்றும் சொன்னார். எழுதவில்லை. இப்போது அவரும் இல்லை. அவருக்குச் சொன்ன பெரியவர்களில் பலரும் இல்லை. ஒரு ஊர் நினைவு போன கணக்கை எந்த மீட்டரும் காட்டாது.

இதற்குத் தீர்வே இல்லையா என்றால், இருந்தது. விஸ்டாவிலேயே 'ஹைப்ரிட் ஸ்லீப்' என்ற ஏற்பாடு வந்துவிட்டது. தூங்கும்போதே நினைவகத்தில் உள்ளதை டிஸ்கிலும் ஒரு நகல் எழுதி வைத்துவிடும். கரண்ட் இருந்தால் குடத்திலிருந்து உடனே எழும். கரண்ட் போயிருந்தால் குளத்திலிருந்து மெதுவாக எழும். பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்புகளை நினைத்துத்தான் அதைச் செய்தார்கள், அவற்றில் தொடக்கத்திலேயே அது போட்டிருக்கும். ஆனால் நம் ஊரில் அப்போது பெரும்பாலும் கடையில் பொருத்திக் கொடுத்த மெஷினும் எக்ஸ்.பி.யும்தான். லினக்ஸ் போட்டவர்களுக்கும் நிலைமை சுகமில்லை. 2012 ஏப்ரலில் வந்த உபுண்டு 12.04 பதிப்பில், பல மெஷின்களில் சரியாக எழுவதில்லை என்பதால் ஹைபர்னேட்டைத் தொடக்கத்திலேயே மறைத்து வைத்துவிட்டார்கள். நமக்கு எந்த ஆண்டு அது மிகவும் தேவைப்பட்டதோ அந்த ஆண்டிலேயே!

இந்தக் கஷ்டம் தெரியாமல் தப்பித்தவர்கள் நம் பேரப் பிள்ளைகள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. மின்வெட்டின் உச்சக்கட்டத்தில் ஊரெல்லாம் இருண்டு கிடக்க, திண்ணையில் ஒரு பிள்ளை லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியை அந்த வருஷங்களில் எல்லாத் தெருக்களிலும் பார்த்தோம். மூடியைச் சாத்தினால் தூங்கும், திறந்தால் எழும். உள்ளே பேட்டரி இருந்ததால் அமெரிக்கக்காரன் எழுதிய நிலையாணை அங்கே பிசகில்லாமல் பொருந்தியது. அதே நிலையாணை, அதே வீடு, அதே மின்வெட்டு. பேட்டரி ஒன்றுதான் வித்தியாசம்.

யு.பி.எஸ். இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் வீட்டுக்கு வாங்கும் சின்ன யு.பி.எஸ். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்குவதற்கானது. கரண்ட் போனதும் கீச் கீச்சென்று கத்தும். அதற்குள் சேமித்துவிட்டு மூட வேண்டும் என்பது அதன் நோக்கம். மெஷின் தூங்கும்போது இழுப்பது இரண்டு வாட்தானே, மணிக்கணக்கில் தாங்காதா என்றால், யு.பி.எஸ். தன் சொந்த வேலைக்கே அதைவிட அதிகமாகப் பேட்டரியைத் தின்றுவிடும். யு.பி.எஸ்.சிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு யு.எஸ்.பி. கேபிள் போட்டால், 'கரண்ட் போய்விட்டது, டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்துகொள்' என்று அதுவே சொல்லும் வசதி பல மாடல்களில் உண்டு. அந்தக் கேபிளை டப்பாவிலிருந்து வெளியே எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் நிலையாணை மேலும் இறுகியது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் கம்ப்யூட்டர்களுக்கு 617/2013 என்ற விதியைக் கொண்டுவந்தது. எனர்ஜி ஸ்டாரில் விருப்பமாக இருந்தது அங்கே சட்டமாயிற்று. முப்பது நிமிடத்துக்குள் தூக்கம். கலிபோர்னியா மாநிலம் 2016 டிசம்பரில் தன் விதிகளை ஏற்றது. 2018-இல் லினக்ஸ் உலகில் பலரும் பயன்படுத்தும் க்னோம் என்ற திரைமுகப்பின் 3.28 பதிப்பு, சுவரில் செருகியிருக்கும் டெஸ்க்டாப்பையும் இருபது நிமிடத்தில் தூங்க வைக்கத் தொடங்கியது. இரவெல்லாம் ஓட வேண்டும் என்று வேலை கொடுத்துவிட்டுப் போனவர்கள் காலையில் வந்து பார்த்தால் மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது. உலகம் முழுதும் முணுமுணுப்பு. பழைய ஏற்பாட்டை நம்பியிருந்தவர்களுக்கு, புதிய உத்தரவு வந்த செய்தி தெரியவில்லை.

இதற்கிடையில் அணைப்பதே அணைப்பதாக இல்லாமல் போயிற்று. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளத்தின் அடிப்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டுதான் அணைகிறது; அடுத்த முறை வேகமாக எழுவதற்காக. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். மெஷின் தகராறு செய்தால் கடைக்காரப் பையன், "சார், அணைச்சுப் போடாதீங்க, ரீஸ்டார்ட் குடுங்க" என்று சொல்வதில் விஷயம் இருக்கிறது. இப்போது வரும் பல புதிய லேப்டாப்புகளில் பழைய எஸ்-3 தூக்கமே கிடையாது. செல்போன் போல எஸ்-0 நிலையிலேயே, திரையை மட்டும் அணைத்துக்கொண்டு, அரை விழிப்பில் இருக்கின்றன, மெயில்கூட வாங்கிக்கொள்கின்றன. கடைசியில் பிரெஞ்சுச் சொல்தான் வென்றது. தூக்கம் என்று எழுதியிருந்தாலும் நடப்பது காவல்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த நிலையாணையே வேண்டாம், எடுத்து எறிந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா விழித்திருக்கும் ஒரு டெஸ்க்டாப் சுமார் 60 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் அப்படியே விட்டால் 480 வாட்-மணி, ஏறக்குறைய அரை யூனிட். மின் கட்டணக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அல்லவா? அறுபது இரவுக்கு 29 யூனிட் வரும். 2016 முதல் நமக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல், ஒருவரும் உட்கார்ந்து பார்க்காத பெட்டிக்குப் போய்விடும். அதே பெட்டி மூன்று வாட்டில் தூங்கினால் அறுபது இரவுக்கும் சேர்த்து ஒன்றரை யூனிட். அணைத்து பிளக் ஸ்விட்சையும் தட்டிவிட்டால் ஒன்றுமே இல்லை. திரையில் மீன் நீந்தும் 'ஸ்க்ரீன் சேவர்' போட்டால் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய குழாய் மானிட்டரில் ஒரே படம் நிரந்தரமாகப் பதிந்துவிடாமல் இருப்பதற்காக வந்தது. அதனால் ஒரு வாட்கூட மிச்சமாகாது.

நம் நாட்டிலும் இதே யோசனையைக் கையாண்டிருக்கிறார்கள். 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2002-இல் எரிசக்தித் திறன் செயலகம், 2006-இல் நட்சத்திர முத்திரை என்று படிப்படியாக வந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நட்சத்திர முத்திரை உள்ள வீட்டு ஏ.சி.க்கள் எல்லாம் தொடக்கத்திலேயே 24 டிகிரியில் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். கூட்டவோ குறைக்கவோ தடை இல்லை. கை வைக்காதவர்களுக்கு 24. நிலையாணை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஊர் வெயிலைப் பார்த்துப் போட்டது, என்ன போட்டிருக்கிறது என்று பேப்பரில் சொன்னது, வேண்டாதவர் ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரின் தூக்க ஏற்பாட்டுக்கும் மாற்றும் வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. நிலையாணையைப் படிக்காதவருக்கு அது விதியாகவே தோன்றும்.

ஆகவே நம் வீட்டுக்கு ஏற்றபடி செய்துகொள்ள நான் சொல்வது இவ்வளவுதான். விண்டோஸில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'சிஸ்டம்', அதற்குள் 'பவர்' என்ற இடத்தில் இரண்டு நேரங்கள் இருக்கும்; திரை அணையும் நேரம் ஒன்று, மெஷின் தூங்கும் நேரம் ஒன்று. திரைக்குப் பத்து நிமிடம் வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை, அதில் எழுத்து போகாது. தூக்கத்துக்கு, டெஸ்க்டாப்பாக இருந்தால், ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, பவர் ஆப்ஷன்ஸின் உள்ளே 'ஹைப்ரிட் ஸ்லீப்' இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் போட்டுவிடுங்கள். அது இல்லாத மெஷினில் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் வையுங்கள். எழுந்திருக்க அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தானாகத் தூங்குவதை நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் முறையாக அணைத்துவிடுவது நல்லது. யு.பி.எஸ். இருந்தால் அந்த யு.எஸ்.பி. கேபிளைத் தேடி எடுங்கள். இரவில் படுக்கப் போகும் முன் சுவர் ஸ்விட்சையும் தட்டுங்கள். கார்த்திகை இடி மின்னலுக்கும் அது பாதுகாப்பு.

2012 போன்ற இருட்டு இப்போது இல்லை. ஆனாலும் ஆடிக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தாலோ, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்தினாலோ, ஓட்டைக் குடம் ஓட்டைக் குடம்தான். நம் வயதில் நாம் தட்டுவதெல்லாம் பெரும்பாலும் வேறெங்கும் இல்லாத செய்திகள். தாத்தா பெயர், பழைய வயல் பெயர், இடிந்துபோன மண்டபம், வெள்ளம் வந்த வருஷம். மெஷின் எந்தப் படியில் தூங்கினாலும் சரி, எழுந்திருக்கும் முன் கன்ட்ரோலையும் எஸ்-ஐயும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்திருங்கள்.